பழைய டீசல் ஹேட்ச்பேக் வாங்குகிறீர்களா? இன்ஜின் சூடாகும் முன் போய் நில்லுங்கள்

வண்டி பார்க்க நேரம் கேட்கும்போதே விற்பவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்." டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. கம்ப்ரஷன் குறைந்திருந்தாலும், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகினாலும், குளிரில் ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் க்ளோ பிளக் போயிருந்தாலும் குளிர்ந்த இன்ஜின்தான் காட்டிக்கொடுக்கும். சூடேறிவிட்டால் பாதிக் குறைகள் மறைந்துவிடும்.

படி 1: ஸ்டார்ட் செய்யும் முன்

பானெட்டைத் திறந்து இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். நான் ஒருமுறை "பரவாயில்லை" என்று விட்டேன். வாங்கிய வாரமே காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது.

ஆயில் அளவு காட்டும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, உருவிப் பாருங்கள். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கருத்துவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தாற்போல் இருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலும் காரணம் கேளுங்கள். ஆயிலில் டீசல் இறங்கியிருக்கலாம்.

படி 2: ஸ்டார்ட் செய்ததும்

ஒருவரை உள்ளே உட்காரவைத்து, நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். கருப்புப் புகை தொடர்ந்து வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம் போகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை சில நொடிகளில் மறைந்தால் அது ஈரம்; நிற்காமல் வந்தால் எரியாத டீசலோ கூலன்டோ.

பிறகு ஐட்லிங்கில் ஆயில் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். லேசான ஆவி இயல்பு. குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக்கூடும். எனக்கு இந்த ஒன்று போதும், பேரம் பேசாமல் திரும்பிவிடுவேன்.

படி 3: ஓட்டிப் பார்ப்பது

குறைந்த வேகத்தில், உயர்ந்த கியரில் ஆக்சிலரேட்டரை மிதியுங்கள். இன்ஜின் சத்தம் ஏறியும் வண்டி வேகம் பிடிக்கவில்லையென்றால் கிளட்ச் நழுவுகிறது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ லேசாக விசிலடிப்பது சகஜம். சைரன் போல ஊளையிட்டால் கூடாது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரித்தது.

பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று இசைந்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் உள்ள வண்டியா, அதை எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜினே போகும்.

படி 4: வாங்கிய முதல் வாரம்

ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் நான்கையும் மாற்றிவிடுங்கள். முந்தையவர் மாற்றியதாகச் சொன்னாலும் சரி. பெல்ட்டுக்கு பில் இல்லையென்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைலன்சர் பாதையில் புகைக்கரி ஃபில்டர் உள்ள வண்டிக்கு, சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கையேட்டில் எழுதியிருக்கும் தரத்தைப் பாருங்கள்.

படி 5: அதன்பின்

கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓட்டினால் அந்தப் புகைக்கரி ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். பிடித்து வைத்த கரியை எரிக்க அதற்கு ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அந்த வேலை பாதியில் நின்றுபோனால், எரிப்பதற்காகச் செலுத்திய டீசல் ஆயிலில் போய்ச் சேரும். முதல் படியில் சொன்ன ஆயில் ஏற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம். அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். வேகமாக ஓட்டி வந்தால் அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள், டர்போ ஆறட்டும்.

தவறிப்போய்ப் பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. டீசல் பம்ப்புக்கு டீசலேதான் மசகு. பெட்ரோல் போனால் உலோகம் உலோகத்தோடு உராயும். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, டேங்கைக் காலிசெய்யச் சொல்லுங்கள்.