பழைய ஜெர்மன் கார்: வாங்கும்போதும் வாங்கிய பிறகும் செய்யக்கூடாத தவறுகள்

புது ஸ்விஃப்டுக்குக் கொடுக்கும் பணத்தில், பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய பி.எம்.டபிள்யூ. 320டி ஒன்று கிடைத்துவிடுகிறது. ஃபோக்ஸ்வாகனின் போலோ, வென்டோ என்றால் அதிலும் பாதிதான். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நானே ஒரு 2012 வென்டோ டீசலை ஏழு வருஷமாகச் சென்னையில் தினமும் ஓட்டுகிறேன். நெடுஞ்சாலையில் அது ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் விதத்துக்காகவே விற்க மனசு வரவில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். காரின் விலை இறங்கியிருக்கும். அதன் பம்ப், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் விலை இறங்கியிருக்காது. முந்தைய ஓனர் செலவுக்குப் பயந்து தள்ளிப்போட்ட வேலையெல்லாம் சாவியோடு சேர்ந்து உங்கள் கைக்கு வந்துவிடும்.

அதனால் கையிலுள்ள பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். ஐந்து லட்சம் இருந்தால் மூன்றரை, நாலு லட்சத்துக்குள் கார் பாருங்கள். மீதி முதல் வருஷத்துக்கே தேவைப்படும்.

அடுத்தது, கிலோமீட்டரைப் பார்த்து மயங்குவது. பத்து வருஷ டீசல் கார் 55,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். மீட்டரைக் குறைத்து வைப்பது பெரிய வித்தை இல்லை. பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானம், ஸ்டீயரிங் தோலின் பளபளப்பு, டிரைவர் சீட்டின் ஓரம் எல்லாம் உண்மையைச் சொல்லிவிடும். ஒழுங்கான பில்களோடு 1,40,000 ஓடிய காரையும், பில்லே இல்லாமல் 60,000 ஓடியதாகச் சொல்லும் காரையும் பக்கத்தில் நிறுத்தினால், நான் முதல் காரைத்தான் எடுப்பேன்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது காரைப் பார்த்துவிட்டு வருவதும் பலர் செய்யும் தவறு. நண்பருக்காக வேளச்சேரியில் ஒரு 2011 மாடல் 320டி பார்க்கப் போனேன். காலை ஏழு மணி. பானட்டில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. நாங்கள் வருவதற்குள் ஒரு சுற்று ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டு, மறுநாள் இன்னும் சீக்கிரமாகப் போனோம். சாவி போட்டதும் இரண்டு மூன்று விநாடி, தகர டப்பாவில் ஆணிகளைக் குலுக்கியதுபோல ஒரு சத்தம், அதுவும் இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து. அப்புறம் அடங்கிவிட்டது. டைமிங் செயின், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி, தளர்ந்திருந்தால் இப்படித்தான் சத்தம் வரும். அந்தக் காலத்து 320டி-யில் உள்ள என்47 டீசல் இன்ஜினுக்கு அது பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயினை மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். செயின் அறுந்தால் இன்ஜினே போய்விடும். நண்பர் அந்தக் காரை விட்டுவிட்டார்.

காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் போடாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். இன்ஜினை மட்டும் படிக்கும் மலிவு ஓ.பி.டி. கருவி போதாது, கியர்பாக்ஸ், ஏ.பி.எஸ்., ஏர்பேக் எல்லாவற்றையும் படிப்பது வேண்டும். ஒரு முறை படித்து, முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி படியுங்கள். விற்பவர் அழித்து வைத்த கோளாறுகள் திரும்ப எட்டிப்பார்க்கும்.

வெள்ளத்தில் நின்ற காரா என்று பார்ப்பதும் முக்கியம். சென்னை 2015 வெள்ளத்தையும் பார்த்தது, 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்டெப்னி இருக்கும் குழியில் வண்டல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். டெல்லியிலிருந்து மலிவாக வரும் டீசல் கார் என்றால் அங்கிருந்து வாங்கிய என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, லோன் பாக்கி இல்லை என்பதற்கான ஆதாரம் எல்லாம் கைக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள்.

வாங்கிய பிறகு செய்யும் தவறுகளில் எனக்கு நேரடியாகச் சூடு வைத்தது, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம். அவசரத்துக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் டாப்-அப் செய்யச் சொன்னேன். என்ன ஊற்றினார்கள் என்று பார்க்கவில்லை. சில மாதம் கழித்து, மதுராந்தகம் தாண்டிப் போகும்போது வெப்ப முள் 90-ஐ விட்டு மேலே ஏறியது. ஓரம் கட்டி, இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து மூடியைத் திறந்தால், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய கூலன்ட் செம்மண் குழம்பாக இருந்தது. போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். அதிலுள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துவிட்டது. ஃபோக்ஸ்வாகனின் அந்த முள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 75 டிகிரியைத் தாண்டியதும் அது 90-இல் போய் நின்றுகொள்ளும். நூறைத் தாண்டினாலும் உடனே அசையாது. ஆகவே அது நகர்ந்துவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். அந்தக் காருக்குச் சொல்லப்பட்ட கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான் ஊற்ற வேண்டும். பச்சையையும் இளஞ்சிவப்பையும் கலக்கவே கூடாது.

ஆயிலிலும் இதே கதைதான். டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அது ஆயிலின் பாகுத்தன்மையை மட்டும்தான் சொல்கிறது. ஃபோக்ஸ்வாகன் 507 00, பி.எம்.டபிள்யூ. லாங்லைஃப்-04 என்பதுபோல உங்கள் கார் கையேடு கேட்கும் அனுமதி எண் டப்பாவின் பின்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி 15,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும், நகர நெரிசலில் ஓடும் என் காருக்கு நான் 10,000-இல் மாற்றிவிடுகிறேன்.

சில இன்ஜின்களில் டைமிங் செயினுக்குப் பதிலாக ரப்பர் பெல்ட் இருக்கும். அந்த டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டர் கணக்கில் மட்டும் பார்க்காதீர்கள். ரப்பருக்கு வயசும் உண்டு. ஃபோக்ஸ்வாகனின் 1.6 டி.டி.ஐ. டீசல் போன்ற இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் போதும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். பி.எம்.டபிள்யூ.வுக்கு அந்தப் பெட்டியைச் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக் என்றால் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தாதீர்கள். உள்ளே கிளட்ச் பாதி பிடித்து வழுக்கியபடியே தேயும். முன்னால் கொஞ்சம் இடம் விழட்டும், அப்புறம் எடுங்கள்.

எல்லாப் பாகத்தையும் ஷோரூம் பெட்டியிலேயே வாங்க வேண்டியதில்லை. மான், மாலே, சாக்ஸ், லெம்ஃபோர்டர் மாதிரியான நிறுவனங்கள் கார் கம்பெனிக்குச் செய்து கொடுக்கும் பாகத்தைத் தங்கள் பெயரிலும் விற்கின்றன, விலையும் குறைவு. மாடல் பெயரைச் சொல்லி வாங்காமல், சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். ஒரே வருஷ மாடலில் இரண்டு வகை பிரேக் வந்திருக்கலாம்.

இன்னொன்று, சன்ரூஃப் இருந்தால் மரத்தடியில் நிறுத்துவதை யோசித்துச் செய்யுங்கள். பூவும் சருகும் அதன் நான்கு மூலைகளில் உள்ள வடிகால் குழாய்களை அடைத்துவிடும். மழைத் தண்ணீர் தரைவிரிப்புக்கு அடியில் இறங்கி, அங்கே இருக்கும் மின்னணுப் பெட்டிகளை நனைக்கும். ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு தம்ளர் தண்ணீரை மெதுவாக ஒவ்வொரு மூலையிலும் ஊற்றி, சக்கரத்துக்குப் பக்கத்தில் சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.