செல்ஃப் அடித்ததும் வண்டி மொத்தமாக இருண்டுவிடுகிறதா? பழைய காரில் கரண்ட் போன இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

மாருதி 800, பத்மினி போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் அடிக்கடி வரும் கோளாறு இது. உள்விளக்கு பளிச்சென்று எரியும். சாவியைத் திருப்பினால் ஒரு ‘டிக்’ சத்தம், அத்தோடு எல்லாம் அணைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே உயிர் வரும். இதற்காக உடனே புது பேட்டரி வாங்கிவிடாதீர்கள்.

1. முதலில் எது செத்தது என்று பாருங்கள். சாவி இல்லாமல் எரிய வேண்டிய உள்விளக்கும் ஹசார்ட் விளக்கும் போயிருந்தால் கோளாறு பேட்டரி பக்கம். அவை எரிந்து, சாவி போட்டால் மட்டும் ஒன்றும் வரவில்லையென்றால் இக்னிஷன் சுவிட்ச் பக்கம். ஸ்டியரிங்குக்குக் கீழே அதன் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சாக்கெட்) கழற்றுங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருக்கும்.

2. மல்டிமீட்டரில் பேட்டரி வோல்ட்: 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

3. பலரும் ஏமாறும் இடம் இதுதான். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. கேபிளில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது 12 வோல்ட் காட்டும். ‘கரண்ட் வருகிறதே’ என்று நாம் நகர்ந்துவிடுவோம். அதனால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கம்பத்தின் மேலேயே வையுங்கள், மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் டெர்மினலில். இரண்டும் ஒட்டியே இருப்பதால் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே அந்தப் பிடி கெட்டுவிட்டது. அடுத்து நெகட்டிவ் கம்பத்துக்கும் பாடிக்கும், பிறகு இன்ஜினுக்கும் அளந்து பாருங்கள். 0.2க்கு மேல் போனால் எர்த் சரியில்லை. இன்ஜினுக்கு அளக்கும்போது ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அப்போது அரை வோல்ட் வரை பரவாயில்லை.

இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையை அலட்சியம் செய்யாதீர்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் பாடிக்குக் கரண்ட் போக அந்தப் பட்டைதான் வழி. அது அறுந்தால் செல்ஃபின் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே பாய்ந்து, கேபிள் புகைந்துவிடும்.

4. டெர்மினலில் உப்புப் பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில். பாசிட்டிவை முதலில் தொட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும். வெந்நீரில் ஆப்பசோடா கலந்து கழுவி, உட்புறத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்கியபின் மேலே வாசலின் பூசுங்கள். சிலர் டெர்மினல் இடுக்கில் தகரத் துண்டு செருகுவார்கள். தயவுசெய்து வேண்டாம், புது டெர்மினல் விலை சொற்பம்தான்.

5. ஃபியூசிபிள் லிங்க் (கரண்ட் அதிகமானால் ஃபியூஸ்போல உருகும் ஒயர்) உள்ள வண்டியில் அதை லேசாக இழுத்துப் பாருங்கள். ரப்பர்போல நீண்டால் உள்ளே கம்பி உருகியிருக்கிறது. அதே அளவு லிங்க்தான் போட வேண்டும். சாதா ஒயர் போட்டால் அடுத்த ஷார்ட்டில் ஒயரிங் முழுக்க எரியும்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று ஓடும் இன்ஜினில் டெர்மினலைக் கழற்றாதீர்கள். டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் டயோடு போய்விடும்.

பின்சேர்க்கை: இவ்வளவும் சரியாக இருந்தும் இக்னிஷன் மட்டும் நின்றுநின்று வருகிறதா? வெளியில் பொருத்திய ரிமோட் லாக் இருந்தால், இக்னிஷன் ஒயரை வெட்டி அதன் ரிலேயைச் சேர்த்த இடத்தில் டேப்பைப் பிரித்துப் பாருங்கள். வெறுமனே முறுக்கிவிட்ட ஒயராக இருந்தால் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள்.