கிகி கிரினின் கைகள்: ஒரு நடிகையின் வாழ்நாள் நடிப்பை ஊர்ச் சனசமூக நிலையத்தில் பார்த்துப் படிக்கும் முறை

திரைப்படம் பார்த்துக் கலந்துரையாடும் குழுக்கள் பெரும்பாலும் நெறியாளர் ஒருவரின் பெயரைப் பிடித்துக்கொண்டே தொடங்குகின்றன; நடிகையைப் பற்றிய பேச்சு கடைசி ஐந்து நிமிடத்தில்தான் வருகின்றது. கிளிநொச்சிப் பக்கத்திலுள்ள எங்கள் சனசமூக நிலையத்தில் நாங்கள் அதை மாற்றிப் பார்த்தோம். யப்பானியத் திரைப்பட, தொலைக்காட்சி நடிகை கிகி கிரினின் வேலையை, அவருடைய வயதின் ஒழுங்கிலேயே, எட்டு மாலைகளில் பார்த்து முடித்தோம். வன்னியின் வேறு ஊர்களிலும் இதைச் செய்ய விரும்புவோருக்காக, நாங்கள் செய்த விதத்தையும் அதில் நேர்ந்த பிழையையும் இங்கே எழுதுகிறேன்.

இவரை ஏன் தெரிவுசெய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. 1943 இல் தோக்கியோவில் பிறந்து, 1961 இல் புங்ககுசா நாடகக் குழுவின் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, 1964 முதல் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்து, 2018 செப்டெம்பரில் தமது 75 ஆவது வயதில் காலமாகும் வரை அவர் வேலையை விடவில்லை. அழகிய கதாநாயகியாக அவர் எக்காலத்திலும் அறியப்பட்டதில்லை. இளமையில் கிழவியாக நடித்தவர், உண்மையில் முதுமை வந்தபோது அதை மறைக்க எதுவும் செய்யாதவர். ஆகவே அவருடைய படங்களை வரிசையாகப் பார்ப்பவர், ஓர் உடல் ஐம்பது ஆண்டுகளில் எப்படி மாறுகிறது என்பதையும், நடிப்பு அந்த மாற்றத்தை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதையும் ஒருங்கே காண்கிறார். இதற்கு ஈடான வேறொரு பாடம் எனக்குத் தெரியவில்லை.

தொடங்குமுன் விருதுப் பட்டியல் எதையும் தயாரிக்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு கொப்பி வாங்கி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நான்கு கட்டங்கள் கீறிக்கொள்ளுங்கள்: ஆண்டு, நடிகையின் வயது, அவர் ஏற்ற பாத்திரத்தின் வயது, அவருடைய கைகள் செய்யும் வேலை. நான்காவது கட்டம்தான் முக்கியமானது. முகத்தைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் 'உருக்கமாக நடித்தார்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கைகளைப் பற்றி எழுத வேண்டுமானால் பார்த்தே ஆக வேண்டும்.

முதல் மாலையைத் தொலைக்காட்சிக்குக் கொடுங்கள். 1974 இல் டிபிஎஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'தெராவுச்சி கந்தாரோ இக்கா' என்ற தொடர், கல்லறைக் கற்கள் செய்யும் ஒரு குடும்பத்தின் கதை. அதில் அவர் குடும்பத் தலைவனின் தாயாக நடித்தார். அப்போது அவருக்கு 31 வயது. மகனாக நடித்த கோபயாஷி ஆசேய் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். தலைமயிரை வெளிற வைத்து, முதுகைக் கூனிக்கொண்டார். ஆனால் கைகளின் இளமையை மறைக்க முடியாமையால், விரல்நுனி வெட்டிய கையுறைகளை அணிந்துகொண்டே அந்தத் தொடர் முழுவதும் நடித்தார். இந்தச் செய்தியை முதல் நாளே குழுவுக்குச் சொல்லிவிடுங்கள், ஏனெனில் மற்ற ஏழு மாலைகளிலும் பார்வையை வழிநடத்தப்போவது அதுதான். தொடரின் முழு அங்கங்களையும் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு அங்கமோ, அதில் ஒரு துண்டோ கிடைத்தாலே போதும். இலங்கைத் தொலைக்காட்சியில் 'ஒஷின்' பார்த்த மூத்தவர்கள் குழுவில் இருந்தால், யப்பானியத் தொடர் எப்படியிருக்கும் என்பதை அவர்களே இளையவர்களுக்குச் சொல்லட்டும்.

1974 இற்கும் 2007 இற்கும் இடைப்பட்ட நீண்ட காலத்தைக் கால் மணி நேரப் பேச்சில் கடந்துவிடலாம். அதில் தவறவிடக் கூடாதவை சில உள்ளன. தொடக்கத்தில் அவர் யூகி சிஹோ என்ற பெயரில்தான் நடித்துவந்தார். 1977 இல் ஒரு தொலைக்காட்சி ஏல நிகழ்ச்சியில், விற்பதற்கு வேறு பொருள் இல்லை என்று அந்தப் பெயரையே விற்றுவிட்டு, கிகி கிரின் என்ற புதிய பெயரை எடுத்துக்கொண்டார். மரங்கள் கூடி அரியதொரு காடாகின்றன என்பது அப்பெயருக்கு அவர் கொடுத்த பொருள். காட்டின் நடுவே ஊர் கட்டி வாழும் எங்களுக்கு அந்தப் பெயர் உடனே மனத்தில் ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் முகாமையாளரோ நிறுவனமோ இல்லாமல், வேலை கேட்டு வரும் அழைப்புகளைத் தாமே கவனித்து முடிவெடுத்தார் என்பதையும் சொல்லுங்கள். 2005 இல் மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். நாம் பார்க்கப்போகும் திரைப்படங்கள் அனைத்தும் அதற்குப் பின்னர் வந்தவை.

மொழியைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான குழுக்கள் இதில்தான் தடுமாறுகின்றன. இப்படங்களுக்குப் பொதுவாகக் கிடைப்பவை ஆங்கில வசன வரிகள். மூத்தவர்களுக்கு அவை உதவா. இளையவர்களும் வரிகளை வாசிப்பதில் கைகளைத் தவறவிடுகிறார்கள். மின்சாரம் இல்லாத காலத்தில் வன்னியில் ஜெனரேற்றர் போட்டு, டெக்கில் படம் காட்டியபோது, முன்பே பார்த்த ஒருவர் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். நாங்கள் அந்த முறையையே ஒழுங்குபடுத்திக்கொண்டோம். ஒருவர் படத்தை முன்னதாக இரண்டு தடவை பார்த்து, வசனங்களைத் தமிழில் எழுதிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் அமர்ந்து, நடிக்காமல், தாழ்ந்த குரலில் வாசிக்க வேண்டும். எல்லா வசனத்தையும் வாசிக்கவும் கூடாது. சமையலறைப் பேச்சில் பாதியை விட்டுவிட்டாலும் கதை விளங்கும்.

வாசிப்பவர் உறவுச் சொற்களில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். யப்பானியக் குடும்பத்தில், எங்கள் வீடுகளில் நடப்பதைப் போலவே, பெயரைவிட உறவு முறைதான் அழைக்கும் சொல்லாக வருகின்றது. ஆங்கில வரிகளில் அது பல இடங்களில் தேய்ந்துவிடுகிறது. ஆனால் தாயின் தாயையும் தந்தையின் தாயையும் யப்பானியர் ஒரே சொல்லால் அழைக்கின்றனர். தமிழில் நாம் அப்பம்மாவா அம்மம்மாவா என்று முடிவெடுத்தாக வேண்டும். 2008 இல் வந்த 'அருயிதெமோ அருயிதெமோ' என்ற படத்தில் கிகி கிரின் மகளின் பிள்ளைகளுக்கு அம்மம்மா. மகன் மணமுடித்த கைம்பெண்ணின் சிறுவனுக்கோ அவர் அப்பம்மாவாக ஆக வேண்டும், ஆனால் முழுமையாக ஆகவில்லை. அந்தத் தயக்கம்தான் படத்தின் ஒரு நரம்பு. அதற்கு மாறாக, 2018 இல் வந்த 'மன்பிகி கசோகு' படத்தில் எந்தச் சொல்லைப் போட்டாலும் கதையின் மறைபொருள் வெளிப்பட்டுவிடும். அந்த வீட்டில் யார் யாருக்கு என்ன உறவு என்பதே கேள்வி. அங்கே 'ஆச்சி' என்று மட்டும் வாசியுங்கள். ஊரில் எந்த முதிய பெண்ணையும் அப்படி அழைக்கலாம் என்பதால் அது எதையும் காட்டிக்கொடுக்காது.

இரண்டாம் மாலைக்கு 2007 இன் 'தோக்கியோ டவர்' பொருந்தும். தாயின் முதுமையைக் கிகி கிரினும், அதே தாயின் இளமையை அவருடைய சொந்த மகள் உச்சிதா யாயாகோவும் நடித்திருப்பதால், கொப்பியின் இரண்டாம், மூன்றாம் கட்டங்களை நிரப்பும்போது நல்ல விவாதம் எழும்.

மூன்றாம் மாலை மேலே சொன்ன 2008 ஆம் ஆண்டுப் படம். நெறியாளர் கொரேஏதா ஹிரோகசுவுடன் அவர் செய்த ஆறு படங்களில் இது முதலாவது. கடலில் மூழ்கிய ஒரு சிறுவனைக் காப்பாற்றப் போய் இறந்த மூத்த மகனின் நினைவு நாளில் குடும்பம் கூடுகிறது. கதை அவ்வளவுதான். முள்ளங்கி சீவுவதும், சோளமணிகளை உதிர்த்துப் பொரிப்பதுமாகத் தாயின் கைகள் நாள் முழுவதும் ஓய்வதில்லை. உயிர் பிழைத்த அந்தச் சிறுவன், இப்போது வளர்ந்த இளைஞன், ஆண்டுதோறும் அழைக்கப்பட்டு வந்து வருந்திவிட்டுப் போகிறான். இனியாவது அவனை அழைக்காமல் விடலாமே என்று இளைய மகன் இரவில் கேட்கும்போது, தாய் கொழுக்கி ஊசியால் நூல் பின்னிக்கொண்டே, அவன் வருந்த வேண்டும் என்பதற்காகத்தான் அழைக்கிறேன் என்ற பொருளில் அமைதியாகச் சொல்கிறாள். குரல் உயரவில்லை, கண்ணீரும் இல்லை.

இங்கேதான் நாங்கள் பிழை விட்டோம். மகனையோ மகளையோ இழந்த தாய்மார் இல்லாத ஊர் வன்னியில் அரிது. அப்படியிருந்தும், படத்தில் என்ன வருகிறது என்பதை நாங்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரவில் வீட்டுக்குள் வந்த மஞ்சள் வண்ணத்துப்பூச்சியை மகன்தான் என்று எண்ணித் தாய் பின்தொடரும் காட்சியில், பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து வெளியே போனார். ஆகவே நீங்கள் முதல் நாளே வீடு வீடாகச் சென்று, இறந்த பிள்ளையை நினைக்கும் தாயின் கதை இது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வராமல் விடுவதற்கும், பாதியில் எழுந்து போவதற்கும் வசதியாக வாசலோரக் கதிரைகளை ஒதுக்குங்கள். வெளியே ஒருவர் தேநீருடன் இருக்கட்டும். படம் முடிந்தவுடன் கலந்துரையாடலைத் தொடங்க வேண்டாம், மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்துபோன அந்த அம்மா மறுநாள் தாமாகவே வந்து, "அந்த ஆச்சி அதைச் சொல்லேக்கை ஊசி நிக்கவேயில்லை, கவனிச்சனியோ தம்பி?" என்று என்னைக் கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை. கொப்பியின் நான்காவது கட்டத்தில் அந்தப் பக்கத்துக்கு அவர் சொன்னதையே எழுதினோம்.

நேரம், இடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தகரக் கூரையின் கீழ் எந்த வசனமும் கேட்காது. பெரும்போக அறுவடை நடக்கும்போது எவரும் வரமாட்டார்கள். அறுவடை முடிந்து, நெல் வீடு சேர்ந்தபின் வரும் வாரங்களே உகந்தவை. மின்தடைக்கு ஜெனரேற்றர் வைத்திருப்பதானால் அதைக் கட்டடத்திலிருந்து தொலைவில், சுவருக்கு அப்பால் வையுங்கள். படங்களுக்கு உரிமை உண்டு என்பதால், பொதுக் காட்சியாக வைக்குமுன் அனுமதியைப் பற்றி விசாரியுங்கள். கொழும்பிலுள்ள யப்பானியத் தூதரகம் யப்பானியத் திரைப்பட விழாக்களை நடத்துவதுண்டு. கடிதம் எழுதி வழி கேட்பதில் தவறில்லை.

நான்காம் மாலைக்குரிய 'வாகஹஹா நோ கி' 2012 இல் வந்தது. நினைவு மங்கும் தாயின் பாத்திரம். அதற்காக யப்பானிய அக்கடமியின் சிறந்த நடிகை விருதைப் பெற்ற மேடையிலேயே, 2013 இல், தமது உடல் முழுவதும் புற்றுநோய் பரவியுள்ளதை அவர் சொன்னார். இதைப் படத்துக்கு முன்னர் சொல்லாதீர்கள், பின்னர் சொல்லுங்கள். முன்னர் சொன்னால் பார்வையாளர்கள் பாத்திரத்தை விட்டுவிட்டு நோயாளியைத் தேடுவார்கள்.

ஐந்தாம் மாலை, கவாசே நவோமியின் 'ஆன்', 2015. தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன முதியவள் ஒருத்தி, ஒரு சிறு பணிகாரக் கடைக்கு வந்து, சிவப்பு அவரை விதைகளை வேகவைத்து இனிப்புக் களி கிண்டும் வேலை கேட்கிறாள். 1974 இல் கையுறைக்குள் ஒளிந்திருந்த கைகள் இங்கே படத்தின் நடுப்பொருளாகவே வந்து நிற்கின்றன. விதைகள் கொதிக்கும் சட்டியின்மேல் குனிந்து, அவற்றிடம் பேசுவது போலவும் அவை சொல்வதைக் கேட்பது போலவும் அவர் காத்திருக்கும் காட்சியை நிறுத்தி, மறுபடி போட்டுக் காட்டுங்கள். யப்பானில் தொழுநோயாளரைப் பிரித்துவைத்த சட்டம் 1996 இல்தான் நீக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் இதைப் புரியவைக்க மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவைச் சொன்னால் போதும்; தொழுநோயாளருக்கான வைத்தியசாலை தீவில் இருந்தமைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அன்றைக்குக் கௌபி அவித்துச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்த்துக் கொடுத்தோம். அவித்த பெண்கள்தான் அந்தக் காட்சியைப் பற்றி மற்ற எல்லோரையும்விட நன்றாகப் பேசினார்கள்.

ஆறாம் மாலைக்கு 2016 இன் 'உமி யோரி மோ மாதா ஃபுகாகு'. இதிலும் மகனாக வருபவர் 2008 இல் மகனாக நடித்த அபே ஹிரோஷியே என்பதால், இரண்டு பக்கங்களையும் அருகருகே விரித்து வைத்துப் பேசுங்கள்.

ஏழாம் மாலை 'மன்பிகி கசோகு', 2018 இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் முதற்பரிசான தங்கப் பனையைப் பெற்ற படம். இதற்காக அவர் தமது பல்செட்டைக் கழற்றிவிட்டு நடித்தார். 31 வயதில் கிழவியாவதற்காகச் சேர்த்துக்கொண்டவை பல. 75 வயதை எட்டும் வேளையில் அவர் எடுத்துவிட மட்டுமே செய்தார். கடற்கரைக் காட்சியில், தூரத்தில் விளையாடும் மற்றவர்களைப் பார்த்து அவருடைய உதடுகள் ஓசையின்றி அசைகின்றன. எல்லோருக்கும் நன்றி என்ற பொருளுடைய அந்தச் சொற்கள் திரைக்கதையில் இருந்தவையல்ல, அவரே சேர்த்தவை. வாசிப்பவர் இந்த இடத்தில் கட்டாயம் மௌனமாக இருக்க வேண்டும். பொருளைப் படம் முடிந்தபின் சொல்லலாம்.

எட்டாம் மாலைக்கு 'நிச்சிநிச்சி கோரே கோஜித்சு' என்ற படத்தை வையுங்கள். அவர் இறந்து ஒரு மாதத்தின் பின், 2018 ஒக்டோபரில் வெளியானது அது. தேநீர்ச் சடங்கு கற்பிக்கும் ஆசிரியையாக வருகிறார். அகப்பையைப் பிடிப்பது, துணியை மடிப்பது என்று கைகளுக்கே முழுப் படமும். சுடுநீர் விழும் ஓசையும் குளிர்நீர் விழும் ஓசையும் வேறு என்பதை மாணவி ஒருநாள் உணர்கிறாள். ஆகவே அன்றைக்கு ஒலிபெருக்கியைத் திரைக்குப் பக்கத்திலிருந்து எடுத்து ஆட்களுக்கு அருகே வையுங்கள். வெக்கையாக இருந்தாலும் மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள்.