பழைய கணினியில் கேம்: பாகத்தை மாற்றுவதா, கணினியையே மாற்றுவதா?

கேம் திணறத் தொடங்கியதும் எல்லோருக்கும் முதலில் கை போவது கிராபிக்ஸ் கார்டுக்குத்தான். சில கணினிகளில் அது சரியான முடிவு. வேறு சிலவற்றில் புது கார்டு போட்ட பிறகும் அதே பழைய ஃப்ரேம் எண்ணிக்கையே (நொடிக்கு எத்தனை படம்) வந்து நிற்கும். இடைஞ்சல் ப்ராசஸரில் இருந்திருக்கும். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை அளந்து பார்க்க ஒதுக்குங்கள். அதற்கும் முன்னால் இரண்டு விஷயம் தெளிவாக வேண்டும்: எந்த கேம், எந்த மானிட்டர். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 1080பி ஆடுபவருக்குச் சீராக 60 ஃப்ரேம் வந்தால் போதும். 140 ஃப்ரேம் தரும் கார்டு அவருக்கு வீண்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமான பதில்தான். அநேகமாக எல்லா லேப்டாப்பிலும் ப்ராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ரேம், எஸ்எஸ்டி, தூசி தட்டி, வெப்பம் கடத்தும் புதுப் பேஸ்ட் பூசுவது, இவ்வளவுதான் செய்ய முடியும். இனி வருவது டெஸ்க்டாப்புக்கு.

எங்கே முட்டுகிறது?

ஆடும்போதே இந்த எண்களைக் காட்டும் மென்பொருள்களான எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதனுடன் வரும் ரிவாட்யூனரும் இலவசம். எந்த நிறுவனத்தின் கார்டுக்கும் வேலை செய்யும். திரையில் தெரியுமாறு இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: ஜிபியு (கார்டில் உள்ள கிராபிக்ஸ் சிப்) பயன்பாடு, ஜிபியு வெப்பம், வீடியோ மெமரி, ப்ராசஸரின் ஒவ்வொரு கோரின் பயன்பாடும் தனித்தனியாக, ப்ராசஸர் வெப்பம், ரேம், ஃப்ரேம் எண்ணிக்கை, ஃப்ரேம் டைம் (ஒரு ஃப்ரேமுக்கு ஆகும் நேரம்) வரைபடம். ஃப்ரேமை மானிட்டரின் வேகத்தோடு ஒத்துப்போகச் செய்யும் வி-சிங்க்கையும் ஃப்ரேம் வரம்பையும் அணைத்துவிட்டு ஆடுங்கள். அவை இயங்கினால் கார்டு வேண்டுமென்றே ஓய்வெடுக்கும், எண்களை நம்ப முடியாது. மெனுவில் வரும் எண் கணக்கில்லை. கூட்டமும் வெடிப்பும் நிறைந்த கனமான பகுதியில் 20 நிமிடமாவது ஆடிப் பாருங்கள்.

ஜிபியு பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் தடை. அது 60, 75 என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கார்டு சும்மா காத்திருக்கிறது, ப்ராசஸரால் அதற்கு வேலை கொடுக்க முடியவில்லை. இங்கே பலர் ஏமாறுவது டாஸ்க் மேனேஜரைப் பார்த்து. மொத்தப் பயன்பாடு 45 சதவீதம் என்று காட்டும். ‘ப்ராசஸருக்கு இன்னும் தெம்பு இருக்கிறதே’ என்று தோன்றும். ஆனால் கேமின் முக்கியமான வேலை ஒன்றிரண்டு த்ரெட்டில்தான் ஓடுகிறது. அந்த ஒரு கோர் 100 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் மற்றவை காலியாக இருந்தும் பயனில்லை. அதனால்தான் கோர் வாரியாகப் பார்க்கச் சொல்கிறோம்.

இதை உறுதிப்படுத்த ஓர் எளிய சோதனை உண்டு. மற்ற எல்லா செட்டிங்கையும் அப்படியே விட்டுவிட்டு, ரெசல்யூஷனை மட்டும் 1280×720க்கு இறக்குங்கள். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் எஃப்எஸ்ஆர், டிஎல்எஸ்எஸ் போன்றவை அணைந்திருக்கட்டும். அதே இடத்தில் மறுபடி ஆடுங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை நன்றாக எகிறினால் கார்டுதான் தடையாக இருந்தது. அசையவே இல்லை என்றால் ப்ராசஸர். இந்தச் சோதனையில் கிடைக்கும் எண்ணைக் குறித்து வையுங்கள், அதுதான் உங்கள் ப்ராசஸரின் உச்சவரம்பு. 720பியில் 62 ஃப்ரேம் வந்தால், உலகத்திலேயே வேகமான கார்டைப் போட்டாலும் அந்த கேமில், அந்த செட்டிங்கில், ஏறக்குறைய 62தான். தொலைவுக் காட்சி, மக்கள் கூட்டத்தின் அடர்த்தி, ரே டிரேசிங் (ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) ஆகியவை ப்ராசஸரையும் சேர்த்து அழுத்துபவை. அவற்றைக் குறைத்தால் வரம்பு சற்று உயரும்.

சராசரி நன்றாக இருந்தும் அவ்வப்போது குலுங்குகிறதா? ஃப்ரேம் டைம் கோட்டில் முள் போல எழும்பும் இடங்களைக் கவனியுங்கள். டெக்ஸ்சரை ஒரு படி குறைத்ததும் குலுக்கல் நின்றால், வீடியோ மெமரி நிரம்பியிருந்தது. குலுங்கும் நேரத்தில் ரேம் முழுவதும் நிரம்பி டிஸ்க் பயன்பாடு 100ஐத் தொட்டால் ரேம் போதவில்லை. ஒரு இடத்துக்கு முதல் முறை போகும்போது குலுங்கி, திரும்பப் போகும்போது குலுங்கவில்லை என்றால், அது ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) கம்பைல் ஆவது. புது வன்பொருள் அதைக் குறைக்கும், ஒழிக்காது.

காசு செலவில்லாத திருத்தங்கள்

மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கார்டில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இது நடக்கிறது. அடுத்து, ரேம். சிபியு-இசட் என்ற மென்பொருளில் மெமரி வேகத்தைப் பாருங்கள். டிடிஆர் ரகங்களில் அது காட்டுவது பாதி எண். 1066 என்றால் 2133. பெட்டியில் 3200 என்று எழுதிய ரேம் 2133இல் ஓடிக்கொண்டிருந்தால் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி எனும் ரேம் வேக அமைப்பு இயக்கப்படவில்லை. ஒரே ஒரு ரேம் குச்சி இருந்தால் சிங்கிள் சேனல், அதாவது மெமரிக்கு ஒரே பாதை. ப்ராசஸர் தடையாக இருக்கும் கேமில் இது கணிசமாகக் கடிக்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு குச்சிகளை ப்ராசஸரிலிருந்து எண்ணி 2வது, 4வது ஸ்லாட்டில் போடுவதே பெரும்பாலும் முறை.

ப்ராசஸர் வெப்பம் 95 டிகிரியைத் தாண்டினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசியை ஊதும்போது விசிறி இறக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடாதீர்கள். பேஸ்ட் மாற்றுவதானால் ஒரு பட்டாணி அளவு போதும். ஏஎம்டி ரைசனுக்கான ஏஎம்4 சாக்கெட் போர்டில் ஒரு ஆபத்து இருக்கிறது: பழைய பேஸ்ட் இறுகிப்போய், கூலரை இழுக்கும்போது ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து கூடவே வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்த பிறகு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். நேராக மேலே இழுக்கக் கூடாது.

இவ்வளவும் செய்துவிட்டு முதல் சோதனையை மறுபடி செய்யுங்கள். பிரச்சினை இங்கேயே தீர்ந்துபோவதும் உண்டு.

இந்த மதர்போர்டுக்கு இன்னும் ஆயுசு இருக்கிறதா?

அதிர்ஷ்டசாலிகள் ஏஎம்4 வைத்திருப்பவர்கள். 2017இல் வந்த பி350 போர்டில் ரைசன் 5 1600 ஓடிக்கொண்டிருந்தால், பயாஸை மட்டும் புதுப்பித்து ரைசன் 5 5600ஐ வைக்கலாம். 5700எக்ஸ்3டி கிடைத்தால் இன்னும் நல்லது. ரேம், போர்டு எதையும் தொட வேண்டாம். போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலின் ப்ராசஸர் பட்டியலைப் பார்த்து, எந்த பயாஸ் பதிப்பு தேவை என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய ப்ராசஸர் மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். புதியதை வைத்துவிட்டால் திரையே வராது. பாதியில் மின்சாரம் போனால் போர்டு செத்துப்போகலாம் என்பதால் யுபிஎஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.

இன்டெல் பக்கம் நிலைமை வேறு. 6ஆம், 7ஆம் தலைமுறைக்கும் 8ஆம், 9ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் ஒன்றே, எல்ஜிஏ1151. ப்ராசஸர் கச்சிதமாகப் பொருந்தியும் விடும். ஆனால் 100, 200 வரிசை சிப்செட்டில் 8ஆம் தலைமுறை இயங்காது. அந்த போர்டுக்கு உச்சம் ஐ7-7700கே, அதாவது நான்கு கோர். அதே போர்டில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் அதையே தேடுவதால் பழைய சந்தையில் அதன் தகுதிக்கு மீறிய விலை சொல்வார்கள். வேண்டாம்.

டிடிஆர்3 ரேம் உள்ள கணினி என்றால் ப்ராசஸருக்கோ ரேமுக்கோ இனி ஒரு காசும் போடாதீர்கள். இன்டெல் 2ஆம், 3ஆம் தலைமுறையில் ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுப்பு கிடையாது. அதைக் கேட்கும் புதிய கேம்கள் மெதுவாக ஓடுவதில்லை, திறக்கவே திறக்காது.

விண்டோஸும் ஒரு எல்லைக்கோடு போட்டுவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் வசதி), இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்கு மேல். சுற்றுவழிகள் உண்டு, ஆனால் பேட்டில்ஃபீல்ட் 6 போல ஏமாற்றுத் தடுப்புக்காகச் செக்யூர் பூட்டைக் கட்டாயமாக்கிய ஆன்லைன் கேம்களில் சுற்றுவழி உதவாது. பயாஸில் போய் நேராகச் செக்யூர் பூட்டை இயக்கிவிடவும் கூடாது. பழைய முறையில் நிறுவிய விண்டோஸில் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய வடிவில் இருக்கும். செக்யூர் பூட்டுக்காகச் சிஎஸ்எம்மை (பழைய முறையில் பூட் ஆக விடும் பயாஸ் அமைப்பு) அணைத்ததும் கணினி பூட் ஆகாது. முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுத்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை மாற்றிய பிறகுதான் சிஎஸ்எம்மில் கை வைக்க வேண்டும்.

பவர் சப்ளை

கார்டு தேர்வுக்கு முன்னால் இதைப் பாருங்கள். பெட்டியில் பெரிதாக எழுதிய வாட் முக்கியமில்லை. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12ஆல் பெருக்குங்கள். 20 ஆம்பியர் என்றால் 240 வாட்; மேலே 450 என்று எழுதியிருந்தாலும் கார்டுக்கும் ப்ராசஸருக்கும் கிடைப்பது அந்த 240தான். ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட் இழுக்கும். ப்ராசஸருக்கு 90, மற்றவைக்கு 50 சேர்த்தால் 310. நொடிக்கும் குறைவான நேரத்தில் கார்டு இதைத் தாண்டித் துள்ளும் என்பதால் இடம் விட வேண்டும். இந்தக் கணக்குக்கு நல்ல நிறுவனத்தின் 550 வாட் போதும். பற்றாக்குறை எப்படித் தெரியும்? கனமான காட்சியில் எச்சரிக்கை இல்லாமல் கணினி பட்டென்று அணைந்து மறுபடி எழும்.

கனெக்டர்: ஸ்லாட் 75 வாட், 6 பின் 75, 8 பின் 150 தரும். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் வரிசை 54 வாட் மட்டுமே தாங்கும். அதிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் அடாப்டரை வாங்காதீர்கள், உருகும். கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய மாடுலர் பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுப் புதியதில் செருகுவதும் ஆபத்து. முனை பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும், டிஸ்க்கும் போர்டும் எரிந்துபோகும்.

அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்படும் ஆயத்தக் கணினிகளில் பல, தமக்கே உரிய வடிவில் பவர் சப்ளையும் மதர்போர்டும் கொண்டவை. சாதாரண ஏடிஎக்ஸ் (கடைகளில் கிடைக்கும் பொது அளவு) அதில் பொருந்தாது. அவற்றுக்குக் கூடுதல் கனெக்டர் கேட்காத 75 வாட் கார்டுகள்தான் வழி.

கார்டு வாங்குவதானால்

கார்டு செருகும் ஸ்லாட் பிசிஐஇ 3.0 ஆக இருந்தால் கார்டு எத்தனை லேன் (தரவுப் பாதை) பயன்படுத்துகிறது என்று பாருங்கள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நான்கே லேன், 4 ஜிபி மெமரி. மெமரி நிரம்பியதும் குறுகிய பாதையில் எல்லாம் நெரிசல். பழைய போர்டில் அதைத் தொடாதீர்கள். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 ஆகியவற்றுக்கு எட்டு லேன், 3.0இல் இழப்பு பொதுவாகச் சிறியது. இன்டெல் ஆர்க் வகைக்கு ரீசைசபிள் பார் (ப்ராசஸர் கார்டின் முழு மெமரியையும் ஒரேயடியாக அணுகும் பயாஸ் அமைப்பு) வசதி வேண்டும், அதோடு பழைய ப்ராசஸரில் அது மேலும் தொய்வடையும்.

ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக்கு என்விடியா 2025 அக்டோபரோடு கேம் டிரைவர்களை நிறுத்திவிட்டது; பாதுகாப்புத் திருத்தம் மட்டும் தொடர்கிறது. ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ போன்ற கேம்கள் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. 1080 டிஐ இன்னும் வலுவானதுதான், ஆனால் இன்று அதை வாங்குவது சரியல்ல. புதிதாக வாங்கினால் 8 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். கேபினட்டின் உள் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

ரேம் 16 ஜிபிக்குக் கீழே இருந்தால் ஏற்றுங்கள். கேம் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் சாட்டா எஸ்எஸ்டி போதும், எம்.2 என்விஎம்இயின் வேகத்தில் பெரும்பகுதி இன்றைய கேம்களில் கண்ணுக்குத் தெரியாது.

கணக்குப் போடும் முறை

வாங்க நினைப்பவற்றை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். அடுத்த கணினிக்கும் கூட வருபவை ஒரு பக்கம்: கார்டு, எஸ்எஸ்டி, தரமான பவர் சப்ளை, மானிட்டர். இந்தக் கணினியோடு முடிந்துபோகிறவை மறுபக்கம்: பழைய சாக்கெட் ப்ராசஸர், டிடிஆர்3, அதற்கான கூலர். முதல் பத்தியில் தயங்காமல் செலவழிக்கலாம். இரண்டாம் பத்தியின் கூட்டுத்தொகை, புதிய ப்ராசஸர், போர்டு, ரேம் மூன்றும் சேர்ந்த விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தை ஒதுக்கி வைத்து மூன்றையும் ஒரேயடியாக மாற்றுவதே மேல். அந்த மூன்றையும் கார்டையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாதவர்கள் பவர் சப்ளை, கார்டு, எஸ்எஸ்டி என்று முதலில் வாங்கி, 720பி வரம்பு உறுத்தும்வரை ஓட்டலாம்.

புது கார்டை மாட்டும்போது, நிறுவனம் மாறுகிறதென்றால் டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) கருவியால் பழைய டிரைவரைத் துடைத்துவிடுங்கள். பிறகு குறித்து வைத்த அதே இடத்தில், அதே செட்டிங்கில் ஆடிப் பாருங்கள். எண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால், கேம் ஓடும்போதே ஜிபியு-இசட் என்ற மென்பொருளில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்கள்; 16 லேன் கார்டு 4 லேனில் ஓடிக்கொண்டிருந்தால் கார்டைத் தவறான ஸ்லாட்டில் மாட்டியிருக்கிறீர்கள், அல்லது அது சரியாக உட்காரவில்லை. பழைய கார்டு வாங்கியிருந்தால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, விசிறிகள் எல்லாம் சுழல்கின்றனவா, ஒவ்வொரு டிஸ்ப்ளே போர்ட்டிலும் படம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.