லூயிஸ் ஹைன் படங்களைப் பார்ப்பது எப்படி?

அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றை எங்கே தொடங்குவது என்று கேட்கும் மாணவர்களை நான் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் படங்களிடம்தான் அனுப்புவேன். குழந்தைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக 1908 முதல் ஆலை ஆலையாக அலைந்து எடுத்தவை. 5,000-க்கு மேல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

படத்தைத் திறந்ததும் முகத்தைப் பார்த்து உருகிவிடாதீர்கள். முதலில் கீழே உள்ள குறிப்பைப் படியுங்கள். உதாரணத்துக்கு ஒன்று: வட கரோலினாவின் விட்னெல் பஞ்சாலை, டிசம்பர் 1908. ஸ்பின்னிங் மெஷின் பக்கத்தில் ஒரு சிறுமி. உயரம் 51 அங்குலம். வேலைக்கு வந்து ஒரு வருஷம். சில சமயம் இரவு வேலையும் உண்டு. நாள் கூலி 48 சென்ட். வயதைக் கேட்டதற்குத் தயங்கி, ஞாபகமில்லை என்றிருக்கிறாள். அப்புறம் ரகசியமாக, வேலை பார்க்கும் வயது இன்னும் ஆகவில்லை, ஆனாலும் பார்க்கிறேன் என்றாளாம். அங்கே இருந்த 50 பேரில் பத்துப் பேர் அவள் அளவுதான் என்றும் ஹைன் எழுதியிருக்கிறார்.

உயரம் எதற்கு? வயதை யாரும் நிஜமாகச் சொல்வதில்லை. தன் கோட்டுப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஹைன் முன்பே அளந்து வைத்திருந்தார். குழந்தை அருகில் வந்து நின்றால் போதும், பாக்கெட்டுக்குள் கையை விட்டபடியே குறித்துக்கொள்வார். பைபிள் விற்பவர் என்றெல்லாம் சொல்லி உள்ளே நுழைந்த ஆள் அவர்!

அடுத்து மெஷினைப் பாருங்கள். ஜார்ஜியாவின் மேக்கன் ஆலைப் படத்தில் (1909) அறுந்த நூலை ஒட்ட, மெஷின் மேலேயே ஏறி நிற்கிறார்கள் பையன்கள். ஒருவன் காலில் செருப்புகூட இல்லை.

பிறகு தேதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹைன் கேமராவோடு கிளம்புவதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1903-இல், பிலடெல்பியா நெசவுத் தொழிலாளர்கள் வாரம் 60 மணி நேர வேலையை 55 ஆக்கச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிற்சங்கப் போராளி மதர் ஜோன்ஸ் ஆலைக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் வீடு நோக்கி நடந்தார். ரூஸ்வெல்ட் அவர்களைச் சந்திக்கவில்லை. ஆகவே, படங்கள் மட்டுமே சட்டத்தை மாற்றின என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். 1916-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தையும் 1918-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற நீதிபதிகள் கணக்கில் ரத்து செய்தது. நிலைத்து நின்ற மத்தியச் சட்டம் 1938-இல்தான் வந்தது. அதுவும் வயல் வேலையைப் பெரும்பாலும் தொடவில்லை.

அதனால் ஆலைகளோடு நிறுத்திவிடாமல், பருத்தி பறிக்கும் குழந்தைகள், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல் குழந்தைகள் என்றும் தேடிப் பாருங்கள். ஹைன் அவர்களையும் எடுத்திருக்கிறார்.