கெக்கோவுக்குக் கதகதப்பு போதும், சூடு போட வேண்டாம்

“ஏண்டா, செவுத்துல ஓடுற பல்லிக்கு எவன் அடுப்பு மூட்டுறான்?” என்றார் அப்பத்தா, நான் கண்ணாடித் தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (கரண்டில் சூடாகும் மெல்லிய விரிப்பு) ஒட்டிக்கொண்டிருந்தபோது. காரைக்குடி வெயிலில் அது நியாயமான கேள்விதான். ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, கொழுத்த வால் கொண்ட ஃபேட் டெயில் கெக்கோ என்ற பல்லிக்குத் தின்ற பூச்சி செரிக்க வயிற்றுக்கடியில் சூடு வேண்டும். ஒரு பக்கத் தரை 31, 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25ஐ ஒட்டி. தேவைக்கேற்ப அதுவே இடம் மாறிக்கொள்ளும். மேட்டை அடிப்பரப்பு முழுக்க விரித்துவிட்டால் பாவம், எங்கே ஒதுங்கும்? மூன்றில் ஒரு பங்கு போதும்.

தெர்மோஸ்டாட், அதாவது சூடு அளவைத் தாண்டினால் கரண்டை நிறுத்தும் கருவி, இல்லாமல் மேட்டை நேராக பிளக்கில் செருகுவதுதான் பெரிய தவறு. அதைவிட ஏமாற்றுவது, தெர்மோஸ்டாட் வாங்கியாயிற்று என்ற நிம்மதி. நான் அதில்தான் விழுந்தேன். சூட்டை உணரும் அதன் சென்சாரைத் தொட்டிக்குள் மண்ணில் சும்மா செருகியிருந்தேன். ராத்திரி தோண்டிய கெக்கோ அதை இழுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டது. தண்ணீரின் குளிர்ச்சியைத் தரையின் குளிர்ச்சி என்று நம்பி, தெர்மோஸ்டாட் விடிய விடியக் கரண்டை விட்டிருக்கிறது. காலையில், தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன் வைத்துப் பார்த்தால் தரை 43. கெக்கோ எதிர் மூலையில் கண்ணாடியோடு ஒட்டி, வாயைத் திறந்துகொண்டு நின்றது. நல்லவேளை, வயிறு வேகவில்லை.

இப்போது சென்சார் வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில். சென்சாரை உள்ளே டேப் போட்டு ஒட்டக் கூடாது, கெக்கோவின் தோல் அதில் ஒட்டிப் பிய்ந்துவிடும். உள்தரையை மட்டும் அவ்வப்போது கன்னால் அளந்து பார்க்கிறேன்.

அப்புறம் நம்ம ஊருக்கே உரிய ஒன்று: தொட்டியை ஆத்தங்குடிக் கல்லில் நேராக வைப்பது. மார்கழியில் சில்லென்றிருக்கும் அந்தக் கல் சூட்டை உறிஞ்சிவிடும். அது மட்டுமில்லை, கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே மேட் காற்றில்லாமல் நசுங்கினால் ஒரே இடத்தில் சூடு தேங்கிக் கண்ணாடியே விரிசல் விடலாம். நாலு மூலையிலும் ரப்பர் கால் வைத்து அரை அங்குலம் தூக்கிவிடுங்கள்.

சூடாகும் செயற்கைப் பாறையை வாங்கவே வாங்காதீர்கள். ஓரிடத்தில் மட்டும் கொதிக்கும்; வெந்த பிறகும் கெக்கோ அதன்மேலேயே படுத்திருக்கும். வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் பல்பு என்றால் கம்பி வலைக்கூண்டும் பீங்கான் ஹோல்டரும் கட்டாயம், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும்.

முற்றத்து வெயிலில் கண்ணாடித் தொட்டியை ஐந்து நிமிஷம்கூட வைக்காதீர்கள்.

தெர்மோஸ்டாட் மேட்டை அணைக்கத்தான் செய்யும், அறையைக் குளிர்விக்காது. அறையே 35ஐத் தாண்டும் அக்னி நட்சத்திரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியை வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில், அப்பத்தா படுக்கும் அறைக்கு மாற்றிவிடுவோம். அங்கேதான் வெயில் எட்டாது. அவர் முணுமுணுப்பது வேறு கதை.