உடுமலை – மூணாறு சாலை: கேமராவோடு போகிறவர்களுக்கு

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு சுமார் 85 கிலோமீட்டர்தான், காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். சுற்றுலாவுக்கு அது சரி. படம் எடுக்கப் போகிறவர்கள் அப்படிப் போனால் உச்சி வெயிலில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே நின்று முழிக்க வேண்டியதுதான். நடுவில் ஒரு ராத்திரி மறையூரில் தங்குங்கள்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் எல்லாமே கிடைக்கிற மாதம் என்று ஒன்று கிடையாது. ஜூன் முதல் மூணாறில் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது, வழியில் மலையின் மழை மறைவுப் பக்கம் இருக்கிற சின்னாறு வனவிலங்கு சரணாலயம் முள்ளுக்காடாகக் காய்ந்தே கிடக்கும். அதற்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான். கோடை தொடங்கும்போது யானையும் காட்டெருமையும் தண்ணீர் தேடி ஆற்றுப்பக்கம் இறங்கும், விலங்குக்கு அதுதான் நேரம். ஆனால் அதே பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் காலம் என்று மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள். பச்சையும் மூடுபனியும் வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசிக்கு மேல் போங்கள்.

உடுமலையிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு, ஒன்பதாறு வனத்துறை செக்போஸ்ட் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். சாலை தெற்கே போவதால் காலை வெயில் இடப்பக்கமிருந்து விழும், வலப்பக்கத்து ஆனைமலைச் சரிவுகள் பளிச்சென்று தெரியும். அதற்காகக் காட்டுக்குள் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். அபராதம் ஒருபக்கம், வளைவுக்கு அந்தப்பக்கம் யானை நிற்பது இன்னொரு பக்கம். சின்னாறில் வனத்துறையே உள்ளூர் பழங்குடி வழிகாட்டிகளோடு நடைப்பயணம் கூட்டிப் போகிறது, அதில் போங்கள். ஆற்றோரப் பெரிய மரங்களை அண்ணாந்து பார்த்தபடி பொறுமையாக நடந்தால் சாம்பல் மலை அணில் மாட்டும். இதற்கு 400 எம்எம் வரை போகிற லென்ஸ் வேண்டும். டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

மறையூரில் சாயங்கால வெயிலுக்கு முனியறைப் பாறை. கற்திட்டைகளும் (பழங்காலத்துக் கல்லறைகள்) பின்னால் மலையும் சேர்ந்து வர அகல லென்ஸே போதும். காலையில் கரும்பாலைகளில் வெல்லம் காய்ச்சினால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், ஆவிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வருகிற பக்கமாகப் பார்த்து நில்லுங்கள். இங்கே தமிழிலேயே பேசலாம்.

இரவிகுளத்தில் வரையாடு பார்க்கிற இடமான ராஜமலைக்குச் சொந்த வண்டி ஏறாது, வனத்துறை பஸ்தான். விடியல் வெளிச்சத்துக்கு உள்ளே விடமாட்டார்கள், அதனால் முதல் பஸ்ஸுக்கே டிக்கெட் போட்டுவிடுங்கள். வரையாடுகள் பாதையோரமே வந்து நிற்கும்; 70-200 லென்ஸ் தாராளம், பெரிய லென்ஸைத் தூக்கிக்கொண்டு போனால் தலைதான் வரும். குறிஞ்சிக்காகத்தான் போகிறீர்கள் என்றால் அவசரமே இல்லை, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.

அப்புறம், மேலே குளிரில் இருந்த கேமராவைச் சின்னாறுக்கு இறங்கியதும் பையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும், அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.